மெனோபாஸ் வயதில் எடை குறைக்கும் ஊசி: நீலகிரியில் இருந்துகொண்டு எப்படிப் போடுவது

கோத்தகிரி மார்க்கெட்டில் காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது கேட்கிறார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலையிலிருந்து கேட்கிறார்கள்: "அக்கா, அந்த எடை குறையற ஊசி போடலாமா?" கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் 45 தாண்டியவர்கள். மாதவிலக்கு முன்பின்னாக வர ஆரம்பித்திருக்கும், அல்லது நின்றே போயிருக்கும். சாப்பாடு அதேதான், வேலை அதேதான், ஜாக்கெட்டை மட்டும் வருஷா வருஷம் பிரித்துத் தைக்க வேண்டியிருக்கும். நானும் அந்த வரிசையில் நின்றவள்தான், டாக்டர் சொல்லி இப்போது போட்டுக்கொண்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும், வீட்டில் என்ன ஏற்பாடு வேண்டும், இந்த மலையில் குளிரையும் வளைவுகளையும் வைத்துக்கொண்டு இதை எப்படி ஒழுங்காகச் செய்வது என்பதைத்தான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊசி பசியை அடக்கும், எடையும் இறங்கும், அதில் பெரிய சந்தேகம் இல்லை. ஆனால் இறங்கும் எடையில் கொழுப்பு மட்டும் போகாது, தசையும் எலும்பின் அடர்த்தியும் சேர்ந்து போகும். மாதவிடாய் நிற்கும் காலம் ஏற்கெனவே அந்த இரண்டையும் அரித்துக்கொண்டிருக்கும் காலம். அதனால் 30 வயதுப் பெண் போடுகிற மாதிரி நாம் போட்டுவிட்டு தராசை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட முடியாது. ஊசி போடுவது வாரத்தில் ஒரு நிமிஷ வேலை, மீதி வாரம் முழுக்க செய்யும் வேலைதான் நம் வேலை.

எந்த ஊசி, என்ன செய்யும்

புழக்கத்தில் இருப்பவை முக்கியமாக இரண்டு மருந்துகள். ஒன்று செமாகுளூட்டைட். எடைக்கென்று வெகோவி என்ற பெயரிலும் சர்க்கரை நோய்க்கென்று ஓசெம்பிக் என்ற பெயரிலும் வருவது இதுதான். இன்னொன்று டைர்செபடைட், பிராண்டு பெயர் மௌஞ்சாரோ. மௌஞ்சாரோ இந்தியாவுக்கு 2025 மார்ச்சில் வந்தது, வெகோவி அதே வருஷம் ஜூனில். செமாகுளூட்டைடின் காப்புரிமை 2026 மார்ச்சில் இங்கே முடிந்ததால் இந்திய கம்பெனிகளும் அதைத் தயாரிக்கலாம் என்றாகிவிட்டது. ஆகவே விலையை ஒரே கடையில் கேட்டு முடிவு செய்யாதீர்கள், உங்கள் டாக்டரிடமும் கேளுங்கள்.

சாப்பிட்டதும் குடலில் ஜிஎல்பி-1 என்று ஒரு ஹார்மோன் சுரக்கும், "போதும்" என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலைகளில் ஒன்று. செமாகுளூட்டைட் அதைப் போலவே நடித்து வாரம் முழுக்க அந்தச் செய்தியைச் சொல்லிக்கொண்டே இருக்கும். டைர்செபடைட் அதோடு ஜிஐபி என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் செய்யும். வயிறு மெதுவாகக் காலியாகும். பெரிய ஆய்வுகளில் செமாகுளூட்டைட் 2.4 மில்லிகிராம் போட்டவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக உடல் எடையில் 15 சதவீதம் வரை குறைந்தது, டைர்செபடைடில் அளவைப் பொறுத்து 72 வாரத்தில் 15 முதல் 21 சதவீதம் வரை. இரண்டிலும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் நடையும் சேர்ந்துதான் இந்தக் கணக்கு. மாதவிடாய் நின்றவர்களுக்கு மருந்து வேலை செய்யாது என்று சிலர் கிளப்பிவிடுகிறார்கள், அது உண்மை இல்லை. டைர்செபடைட் ஆய்வுகளில் இருந்த பெண்களை மாதவிலக்கு நிற்காதவர்கள், நின்றவர்கள் என்று பிரித்துப் பார்த்தபோது நின்றவர்களுக்கும் நன்றாகவே இறங்கியிருக்கிறது.

இன்னொன்று, வயிற்றைச் சுற்றி மட்டும் ஏன் டயர் போடுகிறது என்றால், ஈஸ்ட்ரோஜன் குறையும்போது இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்துகொண்டிருந்த கொழுப்பு வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேர ஆரம்பிக்கும். சர்க்கரைக்கும் இதய நோய்க்கும் வழி விடுவது அந்தக் கொழுப்புதான். இடுப்பளவு 80 சென்டிமீட்டருக்கு மேல் போனாலே நம் ஊர்ப் பெண்களுக்கு எச்சரிக்கை.

யாருக்கு, யாருக்கு வேண்டாம்

பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, 30-க்கு மேல் இருந்தால், அல்லது 27-க்கு மேல் இருந்து கூடவே சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால், தூக்கத்தில் மூச்சடைப்பு மாதிரி ஏதாவது இருந்தால், அவர்களுக்காகத்தான் இந்த மருந்துகளுக்கு அனுமதி தந்திருக்கிறார்கள். 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு 27 என்றால் சுமார் 65 கிலோ, 30 என்றால் சுமார் 72 கிலோ. மகள் கல்யாணத்துக்குள் 4 கிலோ குறைக்க வேண்டும் என்பதற்காகப் போடுகிற ஊசி இது இல்லை.

மெடுல்லரி தைராய்டு கேன்சர் என்ற அரிய வகைத் தைராய்டு புற்று உங்களுக்கோ ரத்த சொந்தத்தில் யாருக்கோ வந்திருந்தால் போடக் கூடாது. சாதாரண தைராய்டு குறைவு, அதாவது காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிறோமே, அது வேறு, அதனால் தடை இல்லை. கணைய அழற்சி வந்தவர்கள், பித்தப்பையில் கல் இருப்பவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சர்க்கரைக்கு இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு எடுப்பவர்கள் அதே அளவில் அதைத் தொடர்ந்துகொண்டு இந்த ஊசியையும் போட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம், டாக்டர்தான் அளவைக் குறைத்துத் தர வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் கண் விழித்திரையையும் ஒருமுறை காட்டிவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்தவர் அல்லது நாளமில்லாச் சுரப்பி டாக்டர், இவர்களில் ஒருவரிடம் போங்கள். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்துவிட்டது, கீழே இறங்கினால் கோயம்புத்தூர் இருக்கிறது. பியூட்டி பார்லரில் போட்டு விடுகிறார்கள், ஆன்லைனில் பாதி விலைக்கு வருகிறது என்பதெல்லாம் காதில் விழுந்தால் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். போலி ஓசெம்பிக் பற்றி உலக சுகாதார நிறுவனமே 2024 ஜூனில் எச்சரிக்கை விட்டிருக்கிறது.

ஆரம்பிப்பதற்கு முன் எடுக்க வேண்டிய டெஸ்ட்டுகளை டாக்டரே எழுதுவார்: மூன்று மாத சர்க்கரை, தைராய்டு, கிரியாட்டினின், கல்லீரல், கொலஸ்ட்ரால், ஹீமோகுளோபின். நாமாகக் கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று வைட்டமின் டி. ஜூனிலிருந்து டிசம்பர் வரை பாதி நாள் மேகமும் மூட்டமும்தான், வெயில் வந்தாலும் ஸ்வெட்டரும் தலைத்துணியுமாகத்தான் நிற்போம், தோலில் வெயில் எங்கே படுகிறது? இரண்டாவது டெக்ஸா ஸ்கேன், எலும்பு அடர்த்தி பார்ப்பது. சீக்கிரமே மாதவிலக்கு நின்றவர்கள், கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தவர்கள், சின்ன விழுதலுக்கே மணிக்கட்டு முறிந்தவர்கள், அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்த வரலாறு உள்ளவர்கள் இதை எடுக்காமல் ஊசியைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. எலும்பு ஏற்கெனவே மெலிந்திருந்தால் அதற்கான வைத்தியத்தையும் சேர்த்துத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

ஹார்மோன் மாத்திரை, கருத்தடை

இந்தப் பகுதியை நிறையப் பேர் டாக்டரிடம் பேசுவதே இல்லை, கேட்கக் கூச்சம்.

குப்பென்று சூடேறி வேர்ப்பதற்கும் தூக்கமில்லாததற்கும் சிலர் ஹார்மோன் சிகிச்சை எடுப்பார்கள். கர்ப்பப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு ப்ரொஜெஸ்ட்ரோனும் தருவார்கள், அது கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துப் புற்றாகிவிடாமல் காப்பதற்கு. இந்த ஊசி வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துவதால் வாயால் விழுங்கும் மாத்திரை உடம்பில் சேருவது குறையலாம், குறிப்பாக டைர்செபடைடில், அதுவும் ஆரம்பிக்கும்போதும் அளவைக் கூட்டும்போதும். ப்ரொஜெஸ்ட்ரோன் சரியாகச் சேராமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தால் கர்ப்பப்பைக்குப் பாதுகாப்பு குறையும். தோலில் தடவும் ஜெல், கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயில் இரண்டுக்கும் இந்தத் தொல்லை இல்லை. ஆகவே ஊசி எழுதும் டாக்டருக்கு ஹார்மோன் மாத்திரை பற்றியும், ஹார்மோன் எழுதிய மகளிர் டாக்டருக்கு ஊசி பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். இருவரும் வேறு வேறு ஆஸ்பத்திரி என்றால் நடுவில் தகவல் கொண்டுபோவது நீங்கள்தான், சீட்டுகளை ஒரே பையில் வைத்து எடுத்துப் போங்கள்.

2024-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்தவர்கள் மாதவிடாய் நின்று செமாகுளூட்டைட் போட்ட 106 பெண்களின் பதிவுகளைப் பார்த்ததில், ஹார்மோனும் சேர்ந்து எடுத்தவர்களுக்கு ஒரு வருஷத்தில் சுமார் 16 சதவீதமும் மற்றவர்களுக்கு சுமார் 12 சதவீதமும் குறைந்திருந்தது. ஆனால் ஹார்மோன் எடுத்தவர்கள் அதில் மிகச் சிலர்தான். சூடும் தூக்கமின்மையும் அடங்கியதால் அவர்கள் நன்றாகச் சாப்பிட்டு நடந்திருக்கலாம். இதை வைத்து எடைக்காக ஹார்மோன் கேட்டுப் போகாதீர்கள்.

மாதவிலக்கு இன்னும் முழுசாக நிற்காதவர்களுக்கு இது: கர்ப்பம் தரிக்க வாய்ப்பு இருக்கிறது. எடை குறையும்போது நின்றிருந்த கருமுட்டை வெளியேற்றம் மறுபடி தொடங்கவும் செய்யும். இந்த மருந்துகள் கர்ப்பத்தில் கூடவே கூடாது. கருத்தடை மாத்திரையை நம்பியிருப்பவர்கள் டைர்செபடைட் ஆரம்பித்த 4 வாரமும், ஒவ்வொரு முறை அளவு கூட்டிய பின் 4 வாரமும் ஆணுறை மாதிரி வேறு வழியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காப்பர்-டி போட்டிருந்தால், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகியிருந்தால் இந்தக் கவலை இல்லை.

ஒரு வருஷம் முழுசாக மாதவிலக்கு வராமல் இருந்து அப்புறம் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் மகளிர் டாக்டரைப் பார்க்க வேண்டும். "ஊசியால இருக்கும்" என்று தள்ளிப் போடக் கூடாது.

மலையில் ஊசியை வாங்கிப் பத்திரப்படுத்துவது

மருந்து பேனா மாதிரியான ஊசியில் வரும். திறக்காத பேனா 2 முதல் 8 டிகிரியில் பிரிட்ஜில் இருக்க வேண்டும், எந்தக் காரணத்துக்கும் உறையக் கூடாது. ஒருமுறை உறைந்து உருகினால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான், பார்வைக்கு நன்றாக இருந்தாலும். சமவெளிக்காரர்கள் வெயிலுக்குப் பயப்படுவார்கள், நமக்கு எதிரி உறைபனி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஊட்டி, தலைகுந்தா, அவலாஞ்சி பக்கமெல்லாம் புல் வெள்ளையாகிவிடும், ராத்திரி காரிலோ வராண்டா அலமாரியிலோ விட்ட பேனா காலையில் உபயோகத்துக்கு ஆகாது. பழைய பிரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்தால் தயிர் ஐஸ் கட்டியாகிறதே, அந்த இடத்திலும் வைக்காதீர்கள். நான் நடுத்தட்டில் முன்பக்கமாக, சின்ன டிபன் டப்பாவுக்குள் துணி சுற்றி வைக்கிறேன், பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். டப்பா மேல் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது, இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் யாராவது திறந்து மாவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

மழைக்காலத்தில் கரண்ட் போனால் பதற வேண்டாம். 30 டிகிரிக்குக் கீழே சில வாரங்கள் வெளியே இருந்தாலும் இந்த மருந்துகள் தாங்கும், எத்தனை வாரம் என்பது பிராண்டுக்குப் பிராண்டு மாறும், பெட்டிக்குள் இருக்கும் தாளில் இருக்கிறது. குன்னூரிலோ கோத்தகிரியிலோ வீட்டுக்குள் 30 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். கீழே இருந்து வாங்கி வரும்போதுதான் கவனம். ஏப்ரல் மதியம் மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றவர்களுக்குத் தெரியும். ஒரு கடையில் எனக்கு இதைச் செய்தித்தாளில் சுற்றி, மாத்திரையோடு மாத்திரையாகக் கையில் கொடுத்தார்கள், ஐஸ் பை கேட்டதற்கு "ஒண்ணும் ஆகாதுங்க" என்றார்கள். அங்கே அப்புறம் போவதில்லை. கடை பிரிட்ஜிலிருந்து எடுத்துத் தருகிறார்களா, ரசீதில் பேட்ச் எண் இருக்கிறதா, காலாவதித் தேதி என்ன என்று நின்று பார்த்து வாங்குங்கள். கூல் பையில் கொண்டுவரும்போது பேனா ஐஸ் கட்டியைத் தொடாமல் நடுவில் ஒரு துண்டு வைக்க வேண்டும்.

அடுத்த பேனாவை இரண்டு வாரம் முன்னாலேயே வாங்கி வைத்துவிடுங்கள். அக்டோபர், நவம்பரில் குன்னூர் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால், ஆடியில் கூடலூர் பக்கம் மரம் விழுந்தால், மருந்து எப்போது மேலே வரும் என்று சொல்ல முடியாது. அப்படித் தவறிவிட்டால்: செமாகுளூட்டைடில் அடுத்த ஊசிக்கு 2 நாளுக்கு மேல் இருந்தால் உடனே போடலாம், இல்லாவிட்டால் அந்த வாரத்தை விட்டுவிட வேண்டும். டைர்செபடைடில் தவறிய நாளிலிருந்து 4 நாளுக்குள் போடலாம். இரண்டு வாரத்துக்கு மேல் விட்டுப் போனால் பழைய அளவிலேயே குத்தாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள், கீழிருந்து ஆரம்பிக்கச் சொல்லலாம்.

போடும் நாளும் விதமும்

செமாகுளூட்டைட் 0.25 மில்லிகிராமில் ஆரம்பித்து 4 வாரத்துக்கு ஒருமுறை 0.5, 1, 1.7, 2.4 என்று ஏறும். டைர்செபடைட் 2.5-ல் 4 வாரம், அப்புறம் 5, தேவைப்பட்டால் 2.5 கூட்டிக்கூட்டி அதிகபட்சம் 15 வரை. உச்சம் வரை போயே ஆக வேண்டும் என்று சட்டமில்லை. குறைந்த அளவிலேயே பசி அடங்கி எடை மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தால் அங்கேயே நிற்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இந்த வயதில் மெதுவாக இறங்குவதுதான் எலும்புக்கும் தசைக்கும் நல்லது, முகமும் ஒட்டிப் போகாது.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் நாம் பார்க்க வேண்டியது பயணம். பலருக்கு ஊசி போட்ட முதல் இரண்டு நாள்தான் குமட்டல். அந்த நாளில் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் இறங்குவது எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. புதன்கிழமை கோயம்புத்தூர் போகும் வழக்கமென்றால் வெள்ளி அல்லது சனி ராத்திரி போடுங்கள். நாளை மாற்ற வேண்டி வந்தால் இரண்டு ஊசிக்கு நடுவில் செமாகுளூட்டைடில் 2 நாளும் டைர்செபடைடில் 3 நாளும் இடைவெளி இருந்தால் போதும். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதெல்லாம் இதற்குக் கிடையாது.

பேனாவை அரை மணி முன்னால் வெளியே எடுத்து வையுங்கள், சில்லென்று இருந்தால் வலிக்கும். மருந்து கலங்கலாக இருந்தால் வேண்டாம். தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வயிற்றில் அல்லது தொடையின் முன்பக்கம் போடலாம், இன்னொருவர் போட்டு விடுவதானால் மேல்கை. வாரா வாரம் இடம் மாற வேண்டும். ஒவ்வொரு முறையும் புது ஊசிமுனை. பொத்தானை அழுத்தியதும் கையை எடுத்துவிடாதீர்கள், பேனாவைப் பொறுத்து மெதுவாக 5 அல்லது 6 எண்ணும்வரை அப்படியே பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு துளி வெளியே வழிந்து வீணாகும். குளிருக்குப் போட்டிருக்கும் துணிக்கு மேலாகக் குத்தாதீர்கள், சோம்பல் பட்டுச் சிலர் செய்கிறார்கள். ஒரே பேனாவை அக்காவும் தங்கையும் முனையை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்வதும் கூடாது, ரத்தம் பேனாவுக்குள் ஏறலாம்.

சாப்பாடு

பசியே இருக்காது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பசி இல்லையென்று காலையில் ஒரு டீயும் இரண்டு வர்க்கியும், மதியம் நாலு வாய் ரசம் சோறு, ராத்திரி ஒன்றுமில்லை என்று ஓட்டினால் எடை பிரமாதமாக இறங்கும், மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாக முடி கொட்டும், படியேறினால் தொடை நடுங்கும்.

சாப்பிடும் கொஞ்சத்தில் புரதம் முதலில் உள்ளே போக வேண்டும். ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம், சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டர் சொல்லும் அளவு. 65 கிலோ என்றால் நாளுக்கு 65 முதல் 80 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் பனீரில் சுமார் 18, வெந்த கோழிக்கறி 100 கிராமில் 25-க்கு மேல், ஒரு கிண்ணம் வெந்த பருப்பில் 7 அல்லது 8, ஒரு பெரிய கிண்ணம் தயிரில் 7. மீல்மேக்கர் காய்ந்தது 50 கிராமிலேயே 25 கிராம் இருக்கிறது, ஆனால் வயிறு மந்தமாக இருக்கும்போது அது எல்லாருக்கும் ஒத்துக்கொள்வதில்லை. நம் மலையில் அவரை, பட்டாணி, பட்டர் பீன்ஸ், டபுள் பீன்ஸ் எல்லாம் பிஞ்சாகவும் கிடைக்கும், பருப்பாகவும் கிடைக்கும். அவரைப் பருப்புக் குழம்பு வைக்கும்போது சோற்றைக் குறைத்துக் குழம்பில் இருக்கும் பருப்பைக் கூட்டிப் போட்டுக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

ராகி பற்றி ஒரு வார்த்தை. ராகி என்றால் எல்லாம் கிடைத்துவிடும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை. கால்சியம் உண்மைதான், 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, இந்த வயதில் நாளுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் வேண்டும், ஆக ராகி நல்ல துணை. புரதம் அதில் 7 கிராம்தான். களியோடு மொச்சையோ கோழியோ முட்டையோ சேர வேண்டும். கால்சியத்துக்கு மத்தி மீனை முள்ளோடு மசிய வேகவைத்துச் சாப்பிடுவது இன்னும் நல்லது.

தண்ணீர். குளிரில் தாகமே எடுக்காது, ஊசி போட்டால் இன்னும் எடுக்காது. இரண்டும் சேர்ந்தால் மலச்சிக்கல் கல்லாகிவிடும், வாந்தியோ பேதியோ வந்தால் சிறுநீரகத்துக்கும் கெடுதல். பிளாஸ்க்கில் சுடுதண்ணீரோ சீரகத் தண்ணீரோ வைத்துக்கொண்டு வேலைக்கு நடுவில் குடித்துக்கொண்டே இருங்கள். டீ கணக்கில் சேராது என்று நான் சொல்ல மாட்டேன், டீத்தோட்டத்து நடுவில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியுமா. சர்க்கரை இல்லாமல், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், சாப்பாட்டோடு குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது.

"நாங்கதான் தினமும் ஏறி இறங்கறோமே"

உடற்பயிற்சி என்றதும் மலைக்காரர்கள் சொல்லும் பதில் இது. பாதி சரி. மேடு ஏறுவது இதயத்துக்கும் தொடைக்கும் இடுப்பு எலும்புக்கும் நல்லது. தோள், கை, முதுகு, மணிக்கட்டு இவற்றுக்கு அதனால் ஒன்றும் இல்லை. தேயிலை பறிப்பவர்களும் கூடை சுமப்பவர்களும் வேறு கணக்கு, மற்ற எல்லாருக்கும் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள், எடை தூக்கும் பயிற்சி வேண்டும். ஜிம் தேவையில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவது, 10 முறை, கொஞ்சம் இளைப்பாறி மறுபடி. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தோளுக்கு மேல் தூக்குவது. படியில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது. ஒற்றைக் காலில் நிற்பது, பல் தேய்க்கும்போதே செய்யலாம், மழைக்காலத்தில் பாசி பிடித்த படியில் வழுக்காமல் இருக்க இது உதவும். சுலபமாகிவிட்டால் எடையைக் கூட்ட வேண்டும், கூட்டாவிட்டால் தசை வளராது.

அரை நிமிஷத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழ முடிகிறது என்று ஊசி ஆரம்பிக்கும் முன் எண்ணிக் காலண்டரில் எழுதி வையுங்கள், மாதம் ஒருமுறை மறுபடி எண்ணுங்கள். எடை இறங்கும்போது அந்த எண்ணிக்கையும் இறங்கினால் டாக்டரிடம் சொல்லி அளவு கூட்டுவதை நிறுத்தி வைக்க வேண்டும் என்பதுதான் அர்த்தம். தராசை விட இதை நான் நம்புகிறேன்.

தொந்தரவுகள், ஓட வேண்டிய அறிகுறிகள்

குமட்டல், ஏப்பம், நெஞ்செரிச்சல், மலச்சிக்கல் அல்லது பேதி இவையெல்லாம் சகஜம், அளவு கூட்டிய வாரங்களில் அதிகமாக இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, மெதுவாக, எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடாமல், சாப்பிட்டதும் படுக்காமல் இருந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். வேர்த்துக் கொட்டுவதையும் சூடேறுவதையும் இந்த ஊசி தீர்க்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், அது இதன் வேலை இல்லை. ஒரே கனமான ஸ்வெட்டருக்குப் பதில் மெல்லியதாக இரண்டு மூன்று போட்டால் சட்டென்று ஒன்றைக் கழற்றலாம், நமக்கெல்லாம் தெரிந்த வித்தைதான். சர்க்கரை மருந்தும் எடுப்பவர்கள் மட்டும், வேர்வையோடு நடுக்கமும் படபடப்பும் இருந்தால் மெனோபாஸ் சூடு என்று விட்டுவிடாமல் உடனே சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும்.

மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி, அது முதுகுக்குப் பாய்ந்து வாந்தியும் வந்தால் கணையமாக இருக்கலாம். வலது விலாவுக்குக் கீழே வலி, காய்ச்சல், கண் மஞ்சள் என்றால் பித்தப்பை. ஒரு கண்ணில் திடீரென்று பார்வை மங்கிவிட்டால் அது மிக அரிது, ஆனாலும் உடனே காட்ட வேண்டும். தண்ணீர்கூட நிற்காமல் வாந்தி, வயிறு உப்பி மலமும் காற்றும் போகாமல் அடைத்துக்கொள்வது, இவையும் அப்படித்தான். இதில் எது வந்தாலும் "விடியட்டும்" என்று படுக்காதீர்கள். நம் ரோட்டில் ராத்திரி மூட்டத்தில் இறங்க எவ்வளவு நேரமாகும் என்பது தெரிந்ததே, யானை நின்றால் இன்னும் ஆகும், ஆகவே முதல் சந்தேகத்திலேயே 108-ஐக் கூப்பிட்டுப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், இந்த ஊசி போடுகிறேன் என்று முதல் வாக்கியத்தில் சொல்லுங்கள். ஏதாவது ஆபரேஷனோ எண்டோஸ்கோபியோ என்றாலும் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், வயிற்றில் சாப்பாடு தங்கியிருக்கும்.

நிறுத்துவது

எப்போது நிறுத்தலாம் என்பதை ஆரம்பிக்கும் நாளிலேயே கேளுங்கள், பணக் கணக்கையும் அப்படியே போடுங்கள். செமாகுளூட்டைட் ஆய்வில் நிறுத்தி ஒரு வருஷத்தில் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்துவிட்டது. திரும்பி வருவது பெரும்பாலும் கொழுப்பாக வரும், போன தசை அதே அளவு திரும்பாது. அதனால் ஆறு மாதம் போட்டு, காசு தீர்ந்ததும் விட்டு, அடுத்த சீசனில் மறுபடி ஆரம்பிப்பது என்று ஏறி இறங்கினால் ஆரம்பித்த இடத்தை விட மோசமாகத்தான் நிற்போம். ஒன்றிரண்டு வருஷத்துக்காவது செலவு தாங்குமா என்று பாருங்கள், தாங்காது என்றால் மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரை, நடை, சாப்பாடு என்று வேறு வழி இருக்கிறதா என்று டாக்டரிடம் பேசுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எடை குறைந்த பிறகு பிரஷர் மாத்திரை, தைராய்டு மாத்திரை இரண்டின் அளவும் மாற வேண்டியிருக்கலாம், தலை சுற்றினால் அதையும் சொல்லுங்கள்.

கடைசியாக ஊசிமுனைகள். வீட்டுக் குப்பையில் போடாதீர்கள், இங்கே குப்பையைக் கிளறுவது குரங்கும் கரடியும், அதற்கு முன்னால் துப்புரவுப் பணியாளரின் கை. துணி சோப்புத் திரவம் வரும் கெட்டியான பாட்டிலில் போட்டு மூடி, முக்கால் நிறைந்ததும் டேப் ஒட்டி, டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஆஸ்பத்திரி நர்ஸிடம் கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.